மூன்று முறை விலைபோன பூசணிக்காய்

மாட்டுங்கா லேபர் கேம்ப்,
தாராவி, மும்பை.
ஜூலை மாதம், விடாத மழை.

மதிப்பிற்குரிய தங்கையா மச்சான் அவர்களுக்கு,

தாவீது எழுதிக்கொள்வது. கர்த்தருடைய பெரிதான கிருபையினால் இங்கே நானும் உங்கள் தங்கை சகாயராணியும் உயிரோடு இருக்கிறோம். எங்கள் மகள் ரீனா உயிரோடு மட்டுமல்ல, மிகுந்த உற்சாகத்தோடும் இருக்கிறாள். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். திசையன்விளையில் நீங்களும் வீட்டாரும் மகன் சுபினும் உங்கள் பலசரக்குக் கடையும் சுகமாக இருக்கக் குடும்ப ஜெபத்தில் தவறாமல் நினைத்துக்கொள்கிறோம். கடைக்குப் புது ஷட்டர் போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். சந்தோஷம்.

போனில் பேசாமல் இதென்ன காகிதமும் பேனாவும் என்று நினைப்பீர்கள். நம் வீட்டின் அகலம் உங்களுக்குத் தெரியும். போனில் பேசினால் ரீனா காதில் விழும். வாட்ஸப்பில் எழுதலாம் என்றால் என் போனை எனக்குத் திறந்து கொடுப்பதே அவள்தான். ஆகவே தமிழில், கையால் எழுதினால் மட்டுமே தப்பிக்க முடியும். நம் பிள்ளைக்கு ஹிந்தி தண்ணீர் பட்ட பாடு, இங்கிலீஷ் வரும், மராத்தி வரும்; தமிழ் எழுத்து மட்டும் பெரிய எழுத்து பைபிளாக இருந்தால்தான் கூட்டிக்கூட்டிப் படிப்பாள். என் கையெழுத்தையோ எங்கள் ஆபீஸ் மேனேஜராலேயே இதுவரை படிக்க முடிந்ததில்லை. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். போன கிறிஸ்துமஸுக்கு நீங்கள் போன் செய்து ரீனாவை உங்கள் சுபினுக்குக் கேட்டீர்கள். டிகிரி முடியட்டும் மச்சான் என்றேன். முடிந்துவிட்டது. முடிந்த கையோடு எம்.ஏ. படிக்கப் போகிறேன் என்கிறாள். அதுவும் அதே பிசினஸ் எக்கனாமிக்ஸ், கலினாவில், யூனிவர்சிட்டியிலேயே. இடமும் கிடைத்துவிட்டது. பெற்றோர் கையெழுத்து வேண்டுமாம், இந்த வாரத்துக்குள். நான் போடவில்லை, போடவும் மாட்டேன். நீங்கள் உடனே ரயிலேறி வந்து, தாய்மாமன் என்கிற உரிமையோடு அவளிடம் நாலு வார்த்தை பேசி, நிச்சயத்தையும் முடித்துவிட்டுப் போய்விட வேண்டும். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். இத்தனை நாள் படிக்க வைத்தவனுக்குத் திடீரென்று என்ன வந்தது என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

பிசினஸ் எக்கனாமிக்ஸ் என்றால் கடை வைக்கக் கற்றுக்கொடுக்கிற படிப்பு என்று நினைத்துத்தான் நான் சேர்த்துவிட்டேன். அப்படி ஒன்றுமே இல்லை மச்சான். இவர்கள் கடையே வைப்பதில்லை. இன்னொருவன் வைத்த கடையை எதிர்ப்பக்கம் நின்று பார்த்து, இவன் ஏன் இன்னும் மூடவில்லை என்று ஆச்சரியப்படுவதுதான் படிப்பு. முதல் வருஷமே வீட்டில் கை வைத்துவிட்டாள். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் நான் இரண்டு டம்ளர் டீ குடிப்பேன், உங்களுக்குத் தெரியும். "எப்பா, மொத டம்ளர்ல கெடைக்குற சந்தோசம் ரெண்டாவது டம்ளர்ல கெடைக்காது, புக்லயே போட்டுருக்கு" என்றாள். அவ்வளவுதான், உங்கள் தங்கை அன்றைக்கே இரண்டாவது டம்ளரை நிறுத்திவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன ஒன்றையும் கேட்காதவள், கண்ணால் பார்க்காத ஒரு புத்தகத்துக்குக் கட்டுப்பட்டுவிட்டாள். அடுத்து ஞாயிற்றுக்கிழமை வாவல் மீன் குழம்பு சாளை மீன் குழம்பாக மாறியது. கேட்டால் மாற்றுப் பொருள் என்கிறார்கள், தாயும் மகளும் ஒரே குரலில். வாவலுக்குச் சாளை மாற்றுப் பொருள் என்று உவரிக் கடற்கரையில் போய்ச் சொல்லச் சொல்லுங்கள், வலையால் அடிப்பார்கள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். என் ஏலத்தில் கை வைத்தாளே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

நம் சபையின் ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தை நீங்களே வந்து பார்த்திருக்கிறீர்கள். ஊரில் வயல் இருக்கிறவன் வாழைத்தாரும் நெல்லும் காணிக்கையாகக் கொண்டுவருவான். இங்கே யாருக்கு வயல்? தோல் பட்டறைக்காரர் பெல்ட் கொண்டுவருவார், முறுக்குச் சுடுகிறவர் ஒரு டின் முறுக்கு, தகரக் கூரைமேல் சட்டிவைத்து வளர்த்த ஒற்றைக் கத்திரிக்காய் ஒருவர், தாதர் மார்க்கெட்டில் வாங்கிய பூசணிக்காய் ஒருவர், ஒன்றும் முடியாதவர் ஒரு முட்டை. எல்லாவற்றையும் ஆராதனை முடிந்ததும் ஏலம் விட்டுப் பணத்தைக் கோவில் வேலைக்குச் சேர்ப்போம். எடுத்தவர் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார், பெருந்தன்மையாகத் திருப்பிக் கொடுப்பார், அதை மறுபடி ஏலம் விடுவோம். ஒரே முட்டை சாயங்காலத்துக்குள் கோழிப் பண்ணை விலைக்குப் போன வருஷமும் உண்டு. விடுகிறவன் நான். ஆபீஸில் நான் வெறும் பில்லிங் கிளார்க், மேனேஜர் கண்ணில் படாமல் நடக்கிறவன். அன்றைக்கு ஒருநாள் மைக்கைக் கையில் பிடித்தால் லேபர் கேம்பே என் கைக்குள். ஒரு தரம், இரண்டு தரம் என்று யார் வேண்டுமானாலும் கத்தலாம். அந்த மூன்றாம் தரத்தை எங்கே நிறுத்தி, யார் முகத்தைப் பார்த்து, எப்போது விடுவது என்பதில்தான் வித்தையே இருக்கிறது.

நீங்கள் வந்திருந்த வருஷத்தை இங்கே ஒருவரும் மறக்கவில்லை. நம் சபைக் கான்ட்ராக்டர் பூசணிக்காயைக் கேட்டார். நீங்கள் காதைச் சொறியத்தான் கையைத் தூக்கினீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் "திசையன்விளைக்காரவுக கேட்டுட்டாவ!" என்று நான் மைக்கில் கூவிவிட்டேன். கான்ட்ராக்டர் திரும்பி உங்களை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையில் உங்களுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எடுத்தீர்கள், திருப்பிக் கொடுத்தீர்கள். மறுபடி அவர் கேட்க, மறுபடி நீங்கள் எடுத்தீர்கள், கொடுத்தீர்கள். மூன்றாவது முறை எடுத்துப் பூசணிக்காயைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றீர்களே, சபையே எழுந்து நின்று கை தட்டியது. குருவானவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கோவில் கூரையில் பாதிக்குப் புதுத் தகடு போட்டது அந்தப் பூசணிக்காயால்தான். நீங்கள் ஊருக்கு அன்ரிசர்வ்டில் நின்றுகொண்டே போனதும் அதனால்தான் என்று உங்கள் தங்கை இன்றைக்கும் என்னைக் குத்திக்காட்டுகிறாள்.

கூரையின் மீதிப் பாதியை அடுத்த பண்டிகையில் முடித்துவிடலாம் என்றிருந்தேன். அதற்குள் ரீனா கடைசி வருஷத்துக்கு வந்துவிட்டாள். ஏதாவது ஒரு மார்க்கெட்டை எடுத்து ஆராய்ச்சி செய்து காட்ட வேண்டுமாம். பங்குச் சந்தை இருக்கிறது, வாஷி காய்கறிச் சந்தை இருக்கிறது. என் மகளுக்கு அப்பாவின் ஏலம்தான் கிடைத்தது. நேரே குருவானவரிடம் போய், கூச்சல் போட்டு ஏலம் விட்டால் கூச்சப்படுகிறவர்கள் ஒதுங்கிவிடுவார்கள், அவரவர் மனதில் நினைத்த விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடட்டும், அதிக விலை எழுதியவருக்குப் பொருள், இதுதான் நவீன முறை என்று விளக்கியிருக்கிறாள். குருவானவரும் ஒரு வருஷம் பார்ப்போமே என்று சொல்லிவிட்டார். அந்த வருஷம் என் கையில் மைக் இல்லை மச்சான், பெட்டிதான் இருந்தது.

பெட்டியைத் திறந்தோம். முட்டைக்கு முட்டை விலையே எழுதியிருந்தது. அதிலும் ஒருவர் உடைந்திருந்தால் வேண்டாம் என்று அடியில் குறிப்பு எழுதியிருந்தார். பெல்ட்டுக்கு ஒருவரும் எழுதவில்லை. கான்ட்ராக்டர் பூசணிக்காய்க்கு எழுதியிருந்த விலைக்குத் தாதரில் பூசணி விதைதான் கிடைக்கும். அவருடைய சீட்டுதான் இருந்ததிலேயே அதிகம். அவர் காயைத் திருப்பிக்கூடக் கொடுக்கவில்லை, பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். கூரையின் மீதிப் பாதி இந்த மழைக்கும் ஒழுகுகிறது. பாடகர் குழு குடை பிடித்துக்கொண்டுதான் பாடுகிறது. "சந்தோசமாட்டி?" என்று ரீனாவைக் கேட்டேன். அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷம்! "எப்பா, ஜபர்தஸ்த் ரிசல்ட்! நான் நெனச்சது அப்படியே தப்புன்னு ப்ரூஃப் ஆயிருச்சு!" என்று குதித்தாள். தான் நினைத்தது தப்பு என்று தெரிந்ததும் குதிக்கிற ஜனங்களை நீங்கள் வேறு எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

பிறகு மாட்டுங்காவில் அவளுடைய காலேஜில் ஆராய்ச்சியை எல்லோர் முன்னாலும் படித்துக்காட்டுகிற நாள் வந்தது. பெற்றோர்களும் வரலாம் என்றார்கள். நான் லீவு போட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு போய் உட்கார்ந்தேன். விளக்கை அணைத்தார்கள். திரை முழுக்க நீங்கள், மச்சான். பூசணிக்காய் தலைக்கு மேலே, வாய் திறந்தபடி, சட்டையில் ஒரு பொத்தான் வேறு தெறித்திருந்தது. அன்றைக்கே போனில் படம் எடுத்து வைத்திருக்கிறாள். இவர் என் தாய்மாமா, ஒரே பூசணிக்காயை மூன்று முறை வாங்கினார், இவருக்குப் பூசணிக்காய் பிடிக்காது என்று இங்கிலீஷில் சொன்னாள். ஹாலே சிரித்தது. மன்னித்துவிடுங்கள், முதலில் நானும் சிரித்துவிட்டேன்; அப்புறம்தான் அது என் மச்சான் என்பது உறைத்தது.

ரீனாவின் புரொபசர் ஸ்ரீலேகா மேடம், மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த பாலக்காட்டுக்காரர், நம்பவில்லை. "ரீனா, ரொம்ப மிகைப்படுத்தாதே. எந்த மனுஷராவது வேண்டாத பொருளை மூணு தரம் வாங்குவாரோ?" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. உங்களை ஒருவர் பொய் என்று சொல்லி நான் கேட்டுக்கொண்டிருப்பதா? எழுந்து நின்று, ஏலம் விட்டவன் நான்தான் மேடம் என்றேன். "அப்படியா! எப்படித்தான் விடுவேள்? கொஞ்சம் சொல்லுங்கோளேன்" என்று மைக்கை என் கையில் கொடுத்துவிட்டார். என் கையில் மைக்கைக் கொடுக்கலாமா மச்சான்? மேஜைமேல் போர்டு துடைக்கிற டஸ்டர் ஒன்று கிடந்தது. எடுத்தேன். தமிழில் ஆரம்பித்து ஹிந்தியில் ஏற்றி இங்கிலீஷில் இறக்கினேன். முன் வரிசையில் துறைத் தலைவர் வேங்கடசுப்ரமணியன் சார் மூக்கைத் துடைக்கக் கைக்குட்டையை உயர்த்தினார். விடுவேனா? "சார் கேட்டுட்டாரு! டிபார்ட்மென்ட் டஸ்டரு மேடம் கைய விட்டுப் போவுது!" என்றேன். ஸ்ரீலேகா மேடம் சட்டென்று கையைத் தூக்கினார். சார் முறைத்தார். அப்புறம் நான் ஒன்றுமே செய்யவில்லை, இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்ததோடு சரி. தன்னுடைய டஸ்டரைத் தானே, ஒரு புது போர்டே வாங்கக்கூடிய விலைக்கு மேடம் எடுத்தார். கை தட்டல் நிற்பதற்குள், யாரும் சொல்லிக்கொடுக்காமலே, பெருமையோடு திருப்பிக் கொடுத்தார். மறுபடி விட்டேன், சார் எடுத்தார். அந்தப் பணத்தில் அன்றைக்கு ஹால் முழுவதும் வடா பாவ் சாப்பிட்டது.

மேடம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்னை என்ன பண்ணினேள் நீங்க? நேக்கு டஸ்டர் வேணவே வேண்டாமே!" என்றார். அப்போதுதான் ரீனா பேசினாள், தமிழில். "பாத்தீங்களா மேடம். எங்க மாமா வாங்குனது பூசணிக்கா இல்ல, எங்க சர்ச்சு கூரை. நாலு பேரு பாக்கக் குடுக்கும்போதுதான் மனுசனுக்குக் கை தாராளமா வருது. அதுக்கு எங்கப்பா ஒரு மார்க்கெட்டே கட்டி வச்சுருக்காவ. நான் படிச்ச திமிருல சீட்டெழுதி அதக் கெடுத்துட்டேன்." உள்ளதைச் சொல்கிறேன் மச்சான், கையிலிருந்த மைக்கைத் திருப்பிக் கொடுக்கவே மறந்துவிட்டேன். ஆனால் அதனால் என்ன ஆயிற்று? முதல் மார்க் வந்தது. இந்தப் பெண்ணை மேலே படிக்க வைக்காவிட்டால் உங்களுக்குப் பாவம் பிடிக்கும் என்று மேடம் என்னிடமே வந்து சொன்னார். கலினாவுக்கு அவரே சிபாரிசும் செய்தார். என் வாயாலேயே நான் கெட்டேன்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே மும்பையிலேயே சுனாபட்டியில் இருக்கிற என் அக்கா ஜோஸ்பினும் தன் மகன் ரிஜோவுக்கு ரீனாவைக் கேட்டிருக்கிறாள். இதை நான் உங்களிடம் மறைக்கவில்லை, சொல்லச் சந்தர்ப்பம் வரவில்லை, அவ்வளவுதான். நகை ஒன்றும் வேண்டாம் என்று நீங்கள் பெருந்தன்மையாகச் சொன்னீர்கள் அல்லவா, அதை அக்காவிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அவள் நகையும் வேண்டாம், கல்யாணச் சாப்பாடும் என் பொறுப்பு என்றாள். அதை உங்கள் காதில் போட்டேன். நீங்கள் மாடியில் தனி வீடே கட்டித் தருகிறேன் என்றீர்கள். அதை அக்காவிடம் சொன்னேன். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை மச்சான், இரண்டு பேர் ஒன்றைக் கேட்டால் என் வாய் தானாக அப்படிப் போய்விடுகிறது. ஒருநாள் போனை வைத்துவிட்டுத் திரும்பினால் ரீனா நிற்கிறாள். "எப்பா, நீங்க என்னைய ஏலம் விடுதீங்க" என்றாள். "ஏட்டி, என்ன பேச்சு பேசுத?" என்றேன். "பின்ன? ரெண்டு பார்ட்டி. இவுக சொன்னத அவுக காதுல போடுதீங்க, அவுக சொன்னத இவுக காதுல போடுதீங்க." தேங்காய் துருவிக்கொண்டிருந்த உங்கள் தங்கை நிமிராமலே, "ஆமா, மைக்கு ஒண்ணுதான் கொறச்சல்" என்றாள். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மகள் அதோடு விட்டாளா? "சரி, ஏலமே விடுங்க. ஆனா ரிசர்வ் பிரைஸ்னு ஒண்ணு உண்டுப்பா, அதுக்குக் கீழ பொருள விக்கக் கூடாது. எனக்கு அது எம்.ஏ. அதுக்கப்புறமும் பொருளுகிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பெற்ற அப்பனைப் பார்த்துப் பேசுகிற பேச்சா இது? அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இந்தப் படிப்பு இனி என் வீட்டில் வேண்டாம். ஆகவே மச்சான், இதைக் கண்டதும் புறப்பட்டு வாருங்கள். ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன். என் கையெழுத்து இல்லாமல் அட்மிஷன் கிடையாது. அந்தக் கையை மடக்கி வைத்துக்கொண்டு உங்களுக்காகக் காத்திருக்கிறேன். எனக்கு உங்களைவிட்டால் வேறு யாரும் இல்லை.

கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும், கடையையும் புது ஷட்டரையும் காப்பாராக. வீட்டில் எல்லோருக்கும் எங்கள் ஸ்தோத்திரம். மருமகன் சுபினுக்கு என் விசேஷ அன்பு.

இப்படிக்கு,
என்றும் சொல் மாறாத,
தாவீது

பி.கு.: ரயிலேற வேண்டாம் மச்சான். நேற்று கலினா போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

கவர் வாங்கப் போன இடத்தில் மழையில் மாட்டிக்கொண்டேன். திரும்பி வந்தால் உங்கள் தங்கை கட்டிலில் உட்கார்ந்து இந்தக் கடிதத்தை ரீனாவுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருக்கிறாள், என் குரலிலேயே. டஸ்டர் இடத்தில் இரண்டு பேரும் உருண்டு உருண்டு சிரித்தார்கள். மேலே, புறப்பட்டு வாருங்கள் என்று எழுதிய இடத்தில் மச்சான் என்ற சொல் அடித்து எழுதப்பட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அடியில் இருப்பது அக்கா. ஆமாம், சுனாபட்டிக்கும் இதே மாதிரி ஒன்று எழுதி வைத்திருந்தேன், அவசரத்தில் மாறிவிட்டது. அந்த இடம் வந்ததும் சகாயராணி சிரிப்பை நிறுத்திவிட்டாள். "எங்கண்ணன் பூசணிக்கா வாங்குனா போதும். எம் மவள வாங்க வேண்டாம், ஒங்க அக்காளும் வாங்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, எழுந்து போய் டீ போட்டாள். இரண்டு டம்ளர், மச்சான். அதற்குமேல் நான் எப்படி மடக்கிய கையை மடக்கியபடியே வைத்திருப்பேன்?

சுபின் மனம் நோகுமே என்று கவலைப்படாதீர்கள். ரீனா அவனிடம் எப்போதோ போனில் பேசிவிட்டாளாம். அவனுக்கு நாசரேத்தில் ஒரு டீச்சர்மேல் மனசாம், உங்களிடம் சொல்லப் பயந்துகொண்டிருக்கிறானாம். இது நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். பண்டிகைக்கு மட்டும் கட்டாயம் வந்துவிடுங்கள். பழையபடி மைக் ஏலம்தான், ஆனால் விடப்போவது நான் இல்லை, ரீனா. கான்ட்ராக்டர் இப்போதே புதுச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டார். திரும்புகிற டிக்கெட்டை முதலிலேயே ரிசர்வ் செய்துகொண்டு வாருங்கள்.

நேற்று கையெழுத்துப் போட்டு முடித்து வெளியே வந்தேன். கேட்டுக்கு உள்ளே போனவள் திரும்பி ஓடிவந்து, என் குடைக்குள் தலையை நீட்டி, "எப்பா, மூணாந் தரம் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையை ஆட்டினேன். "சொல்லாதீங்க, அத நானே சொல்லிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு மழைக்குள் ஓடிவிட்டாள்.